பாதியில் நிற்கும் ஃபைல் பரிமாற்றம்: லினக்ஸ் லேப்டாப்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து சர்வருக்கோ, வீட்டிலுள்ள இன்னொரு கணினிக்கோ கோப்பு அனுப்பும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்பவர்கள் நின்றபாடில்லை. கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். மேக்கில் வேறுபடும் இடங்களையும் அங்கங்கே குறித்திருக்கிறேன்.

கட்டளைகளையும் அமைப்புகளையும் ஒலிக்கும்படி தமிழ் எழுத்தில் எழுதியுள்ளேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு விருப்பம் புரியவில்லை என்றால் அந்தக் கட்டளையின் மேன் பக்கம் என்ற கையேட்டைத் திறந்தால் தெரிந்துவிடும்.

எஸ்சிபி-ல ஃபைல் அனுப்பினா "ஸ்டால்டு"னு வருது. அப்படின்னா போச்சா?

போகவில்லை. கடந்த 5 வினாடிகளாக ஒரு பைட்டும் நகரவில்லை என்று எஸ்சிபி (எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகக் கோப்பை நகலெடுக்கும் கட்டளை) சொல்கிறது, அவ்வளவுதான். இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கலாம். தரவு பாக்கெட் எனும் சிறு துண்டுகளாகப் போகும். போன பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால், தரவைக் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி அதைத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். வைஃபை ஒரு நிமிடம் போய்த் திரும்பினால் பரிமாற்றம் தானாகத் தொடர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

லினக்ஸில் இயல்பாக 15 முறை திரும்ப அனுப்பிப் பார்த்த பிறகுதான் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கைவிடும். அதற்குக் குறைந்தது 924 வினாடி, அதாவது கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். "எர்ரரும் வரலை, நகரவும் இல்லை" என்ற நிலை இவ்வளவு நேரம் நீடிப்பதற்கு இதுதான் காரணம்.

நீங்கள் இறக்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெறுகிற பக்கம் அனுப்புவதற்கு எதுவும் வைத்திருக்காது. அதனால் எதிர்முனை செத்துப்போனதை உடனே அறிய அதற்கு வழியே இல்லை. எஸ்எஸ்எச் இயல்பாகப் பயன்படுத்தும் டிசிபி கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு) முதல் சோதனையை அனுப்பவே 7200 வினாடி காத்திருக்கும். அதன் பிறகு 75 வினாடிக்கு ஒன்றாக 9 சோதனை. ஆக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு செத்த இணைப்பின் முன்னால் உட்கார்ந்திருக்க நேரும்.

ஹேங் ஆனதும் முதல்ல என்ன பண்ணணும்? எல்லாரும் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாங்க.

தயவுசெய்து ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். நின்றுபோன அந்த நிலைதான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. அதை அழித்துவிட்டால் நாளை அதே இடத்தில் மறுபடி நிற்கும், காரணமும் தெரியாது. இரண்டாவது டெர்மினல் ஒன்றைத் திறந்து, முதலில் ரவுட்டருக்கு ஒரு பிங், பிறகு சர்வருக்கு ஒரு பிங் கொடுங்கள். ரவுட்டருக்கே போகவில்லை என்றால் பிரச்சினை உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது.

பிங் போகிறது, பரிமாற்றம் மட்டும் நிற்கிறது என்றால் எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளையை, மைனஸ் டிஎன்ஐஓ விருப்பங்களோடு ஓட்டுங்கள். உங்கள் இணைப்புக்கு நேராக ரெசீவ்-கியூ, சென்ட்-கியூ என்று இரண்டு எண்கள் இருக்கும். சில வினாடி விட்டு இரண்டு மூன்று முறை பாருங்கள். பெறும் பக்கத்தில் ரெசீவ்-கியூ பெரிதாகி அப்படியே நின்றால், தரவு வந்து சேர்ந்துவிட்டது, நிரல்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் டிஸ்க் மெதுவாக இருக்கும் அல்லது நிறைந்திருக்கும். இரண்டும் பூஜ்ஜியம் என்றால், அனுப்பும் நிரல் அந்த நேரத்தில் எதையும் அனுப்பவே இல்லை. கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது, அல்லது எதிர்முனையின் பதிலுக்குக் காத்திருக்கிறது.

அனுப்பும் பக்கத்தில் சென்ட்-கியூ நிறைந்து நின்றால், அதே வரியிலுள்ள டைமரைப் பாருங்கள். "ஆன்" என்று இருந்து, பேக்ஆஃப் எண் (எத்தனை முறை இடைவெளி கூடியது என்பது) ஏறிக்கொண்டே போனால் பாக்கெட் வழியில் தொலைகிறது: நெட்வொர்க் கோளாறு. "பெர்சிஸ்ட்" என்று இருந்தால் எதிர்முனை "இப்போது வேண்டாம், இடமில்லை" என்று சொல்லியிருக்கிறது: நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்து டிஸ்க்கையோ நிரலையோ பாருங்கள். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே வரும் பல பதில்கள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

திடீர்னு டெர்மினல் உறைஞ்சு போச்சு. எதைத் தட்டினாலும் ஒண்ணும் வரலை.

கன்ட்ரோல்-க்யூ தட்டிப் பாருங்கள். சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் தட்டியிருப்பீர்கள். டெர்மினலில் அதற்கு "வெளியீட்டை நிறுத்து" என்று பொருள். ஆர்சிங்க் (இரண்டு இடங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் கட்டளை) ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அச்சிட்டுக்கொண்டு ஓடும்போது திரை நின்றால், அச்சிட முடியாமல் ஆர்சிங்க்கும் நின்றுவிடும். நெட்வொர்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஒரு வினாடியில் சோதித்துவிடலாம்.

ராத்திரி போட்டுட்டு மூடி வச்சேன். காலைல திறந்தா அதே இடத்துல நிக்குது.

மூடியதும் லேப்டாப் தூங்கிவிட்டது. விழித்தபோது சர்வர் அந்த இணைப்பை எப்போதோ கைவிட்டிருக்கும், அல்லது வைஃபை உங்களுக்கு வேறு முகவரி கொடுத்திருக்கும். முகவரி மாறினால் பழைய டிசிபி இணைப்பைத் தொடரவே முடியாது. காத்திருக்காமல் நிறுத்திவிட்டுத் தொடருங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி என்று ஆர்சிங்க் கேள்வியில் சொல்கிறேன்.

தூங்காமல் இருக்க, பரிமாற்றக் கட்டளையைச் சிஸ்டம்டி-இன்ஹிபிட் வழியாக ஓட்டலாம். ஆனால் "ஸ்லீப்" தடை மட்டும் போதாது. மூடியை மூடும்போது சிஸ்டம் அந்தத் தடையை இயல்பாகக் கண்டுகொள்ளாது. "ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச்" தடையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேக்கில் காஃபினேட் கட்டளை சும்மா இருக்கும்போது தூங்குவதைத்தான் தடுக்கும், மூடினால் தூங்கிவிடும். மூடி வைத்த லேப்டாப் சூடாகும் என்பதையும் மறக்க வேண்டாம். திறந்தே வைத்துத் திரையை மட்டும் அணைப்பதே நல்லது.

போன்ல நெட் பறக்குது. அதே வைஃபை-ல லேப்டாப் மட்டும் விட்டு விட்டு நிக்குது.

முடிந்தால் ஒரு கேபிளைச் செருகி அதே கோப்பை அனுப்பிப் பாருங்கள். கேபிளில் சரியாகப் போனால் வைஃபைதான், வேறு எதையும் தேட வேண்டாம். முதல் சந்தேகம் மின்சேமிப்பு. வைஃபை சிப் இடையிடையே கண்ணயர்ந்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும். சில டிரைவர்களில் அது சரியான நேரத்தில் விழிப்பதில்லை. ஐடபிள்யூ கட்டளையில் பவர்_சேவ்-ஐ ஆஃப் செய்து பாருங்கள். பலன் தெரிந்தால் நெட்வொர்க்மேனேஜர் கான்ஃபிக்கில் வைஃபை.பவர்சேவ் மதிப்பை 2 என்று வைத்தால் நிரந்தரமாகும். 2 என்றால் அணைத்தல், 3 என்றால் இயக்கல்.

சிக்னலையும் ஐடபிள்யூவிலேயே பார்க்கலாம். மைனஸ் 50 அளவில் இருந்தால் அருமை, மைனஸ் 75-க்குக் கீழே போனால் சுவர் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். கேபிளிலும் நின்றால் எத்டூல் கட்டளையில் டூப்ளெக்ஸ் "ஹாஃப்" என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கேபிளோ ஸ்விட்சோ இருந்தால் அப்படி ஆகும். அப்போது சின்னதெல்லாம் போகும், கனமானது ஊர்ந்து நிற்கும்.

பாஸ்வேர்டு கேக்குது, உள்ளே போகுது, சின்ன ஃபைல் போகுது. பெரிய ஃபைல் மட்டும் ஒரேயடியா நிக்குது. ஏன்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதில்தான் பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் எம்டியு. ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு அது. ஈதர்நெட்டிலும் வைஃபையிலும் இயல்பாக 1500 பைட். வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பரவலாக உள்ள பிபிபிஓஇ முறை அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்வதால் 1492. விபிஎன் இருந்தால் இன்னும் குறையும். வயர்கார்டு என்ற விபிஎன்னில் வழக்கமாக 1420.

லேப்டாப்புக்கு வழியில் எங்கே வரம்பு குறைகிறது என்று தெரியாது. அதனால் 1500 பைட் பாக்கெட்டை "துண்டாக்கக் கூடாது" என்ற குறியோடு அனுப்பும். வரம்பு குறைவாக உள்ள ரவுட்டர் அதை எறிந்துவிட்டு, "பெரிதாக இருக்கிறது, இந்த அளவுக்குள் அனுப்பு" என்று ஒரு ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் அறிவிப்பு) செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். லேப்டாப் அதைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளும். 1990-இல் வெளியான ஆர்எஃப்சி 1191 (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவணங்களில் ஒன்று) இந்த ஏற்பாட்டை வகுத்தது. ஏதாவது ஒரு ஃபயர்வால் அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டால் லேப்டாப்புக்கு எதுவும் தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அது திரும்பத் திரும்பத் தொலையும்.

இப்போது அறிகுறிகள் பொருந்துவதைப் பாருங்கள். இணைப்பு ஏற்படுத்தும் பாக்கெட்டுகள் சின்னவை, போகும். நீங்கள் தட்டும் எழுத்துகள் சின்னவை, போகும். ஒரு வரிக் கோப்பு போகும். பாக்கெட் முழுதாக நிறைகிற முதல் கணத்தில் நின்றுவிடும். கோப்பு மட்டுமல்ல, நிறையக் கோப்புகள் உள்ள டைரக்டரியில் எல்எஸ் கொடுத்தாலும் அப்படியே உறைந்தால், இந்தச் சந்தேகம் ஏறக்குறைய உறுதி.

அது எம்டியு-தான்னு எப்படி உறுதி பண்றது? குத்துமதிப்பா மாத்த விருப்பமில்லை.

நல்ல விருப்பம். முதலில் சாதாரணப் பிங் சர்வருக்குப் போகிறதா பாருங்கள். சில சர்வர்கள் பிங்குக்குப் பதிலே தருவதில்லை, அப்படியானால் இந்தச் சோதனை செல்லாது. பதில் வந்தால், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அனுப்புங்கள். லினக்ஸில் பெரிய எம் விருப்பத்துக்கு "டூ" என்ற மதிப்பும், சின்ன எஸ் விருப்பத்துக்கு 1472-ம் கொடுக்க வேண்டும். மேக்கில் பெரிய டி, சின்ன எஸ். 1472 ஏன் என்றால், ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8, இரண்டையும் சேர்த்தால் 1500.

மூன்று விதமான விளைவுகள் வரலாம். பதில் வந்தால் வழி 1500 பைட்டைத் தாங்குகிறது, எம்டியு குற்றவாளி இல்லை. "துண்டாக்க வேண்டும்" என்று ஒரு ரவுட்டரிடமிருந்து செய்தி வந்தால், வரம்பு குறைவு, ஆனால் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. எதுவுமே வராமல் மௌனமாக இருந்தால்தான் நாம் தேடும் நோய். இப்போது 1464, 1392, 1372 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். பதில் வர ஆரம்பிக்கும் எண்ணோடு 28-ஐக் கூட்டினால் உங்கள் வழியின் எம்டியு. 1464-இல் போனால் 1492, அதாவது பிபிபிஓஇ.

சரி, எம்டியு-வை 1400-னு வச்சுட்டேன். ஓடுது. இதோட விட்டுடலாமா?

லேப்டாப்பில் குறைத்தால் இரண்டு திசையிலும் பலன் உண்டு. இணைப்பு தொடங்கும்போது "இந்த அளவுக்கு மேல் எனக்கு அனுப்பாதே" என்று எதிர்முனைக்குச் சொல்லும் எம்எஸ்எஸ் மதிப்பும் கூடவே குறைந்துவிடும். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் 1280-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ஐபிவி6-க்கு அதுதான் குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே வைத்தால் லினக்ஸ் அந்த இணைப்பில் ஐபிவி6-ஐயே நிறுத்திவிடும்.

நிரந்தரத் தீர்வு ரவுட்டரிலோ விபிஎன் சர்வரிலோ இருக்கிறது. அங்கே எம்எஸ்எஸ் கிளாம்ப் (கடந்துபோகும் இணைப்புகளின் எம்எஸ்எஸ் மதிப்பைக் குறைப்பது) என்ற வசதியை இயக்கினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒரேயடியாகச் சரியாகும். பிபிபிஓஇ ரவுட்டருக்குப் பின்னால் வயர்கார்டு ஓட்டினால் அதன் எம்டியு-வை 1412 என்று வையுங்கள். 1420 என்பது வெளி வழி 1500 என்ற நம்பிக்கையில் வந்த எண். வயர்கார்டு ஐபிவி6 மேல் போகும்போது 80 பைட் கூடுதலாகச் சேர்வதால் 1492-ஐத் தாண்டிவிடும். ரவுட்டர் உங்கள் கையில் இல்லை என்றால், கெர்னலில் டிசிபி_எம்டியு_புரோபிங் மதிப்பை 1 ஆக்குங்கள். ஐசிஎம்பி செய்தி வராவிட்டாலும், பெரிய பாக்கெட் தொலைவதைக் கவனித்து அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4821 சொன்ன வழி இது. ஆனால் லேப்டாப் அனுப்பும் தரவுக்கு மட்டும்தான் பலன் தரும். இறக்கும்போது சர்வரில் அது இயங்கினால்தான் உண்டு.

சர்வரைப் பராமரிப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: "பாதுகாப்புக்காக" ஐசிஎம்பி முழுவதையும் அடைக்காதீர்கள். மேலே சொன்ன "பெரிதாக இருக்கிறது" செய்தியான வகை 3, குறியீடு 4-ஐ அனுமதியுங்கள். ஐபிவி6-இல் அதே செய்தியான வகை 2-ஐ அனுமதித்தே ஆக வேண்டும். அங்கே ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்கவே செய்யாது. இந்தத் தொல்லையை 2000-லேயே ஆர்எஃப்சி 2923 எழுதி வைத்திருக்கிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பயனாளிகள் இதற்காக லேப்டாப்பை ஃபார்மட் செய்துகொண்டிருப்பது நியாயமில்லை.

ஃபைல் வரைக்கும் போகவே இல்லை. எஸ்எஸ்எச் லாகின்லயே நிக்குது.

எஸ்எஸ்எச் கட்டளைக்கு மைனஸ் வி கொடுத்து, கடைசியாக வந்த வரியைப் படியுங்கள். "கனெக்டிங்" என்ற வரியோடு நின்றால் ஃபயர்வால், அல்லது போர்ட் எண் தவறு. சாவிப் பரிமாற்றத்தில், "கெக்ஸ்" என்ற சொல் உள்ள வரியில் எதிர்முனைப் பதிலுக்குக் காத்து நின்றால், மேலே சொன்ன எம்டியு கதைதான். 2022-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல், குவாண்டம் கணினியையும் தாங்கும் சாவி முறை இயல்பாகிவிட்டது. அதன் சாவியே ஆயிரம் பைட்டைத் தாண்டும் என்பதால், முன்பு கோப்பு அனுப்பும்போது தெரிந்த கோளாறு இப்போது லாகினிலேயே தெரியலாம்.

பாஸ்வேர்டு ஏற்றுக்கொண்ட பிறகு உறைந்தால் ஐபிகியூஓஎஸ் அமைப்பைச் சந்தேகியுங்கள். 2018-இல் 7.8 பதிப்பு, பாக்கெட்டுகளில் இடும் முன்னுரிமைக் குறிகளை மாற்றியது. அந்தக் குறிகளைக் கண்டால் சில ரவுட்டர்களும் விர்ச்சுவல் மெஷின் நெட்வொர்க்குகளும் பாக்கெட்டை எறிந்துவிடுகின்றன. கான்ஃபிக்கில் அதை "நன்" என்று வைத்துச் சோதிக்கலாம். பல வினாடி தாமதமாகி, பிறகு ஒழுங்காக உள்ளே விட்டால் அது பெரும்பாலும் டிஎன்எஸ் தேடல் (முகவரிக்குரிய பெயரைத் தேடுவது). பரிமாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எஸ்எஸ்எச் அருமையா போகுது. ஆனா ஆர்சிங்க் "ஷெல் சுத்தமா இருக்கா"னு கேக்குது. எஸ்எஃப்டிபி-யும் வரலை.

சர்வரில் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பு (ஷெல் தொடங்கும்போது ஓடுவது) ஏதோ ஒரு வரியை அச்சிடுகிறது. வரவேற்பு வாசகமாக இருக்கும், அல்லது எதையாவது கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மனிதருக்கு அது வாசகம். ஆர்சிங்க்குக்கோ தரவு ஓடும் அதே குழாயில் வந்து விழும் குப்பை. சோதனை எளிது: எஸ்எஸ்எச் வழியாகச் சர்வரில் ட்ரூ என்ற கட்டளையை மட்டும் ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் பிடியுங்கள். கோப்பின் அளவு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் வாசகமே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

எஸ்சிபி மட்டும் பழைய சர்வரில் வேலை செய்யாவிட்டால் வேறு காரணம். ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 பதிப்பிலிருந்து எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி முறையைத்தான் பயன்படுத்துகிறது. பெரிய ஓ விருப்பம் கொடுத்தால் பழைய முறைக்குத் திரும்பும்.

ஆர்சிங்க் ஒண்ணுமே காட்டாம உக்காந்திருக்கு. வேலை செய்யுதா, செத்துப் போச்சா?

பெரும்பாலும் வேலை செய்கிறது. லட்சக்கணக்கில் கோப்புகள் இருந்தால் பட்டியல் போடவே நேரமாகும். எதிர்முனையில் அதே பெயரில் பெரிய கோப்பு ஏற்கெனவே இருந்தால், எது மாறியிருக்கிறது என்று அறிய இரண்டு பக்கமும் முழுக் கோப்பையும் படித்துக் கணக்கிடும். அந்த நேரத்தில் நெட்வொர்க்கில் எதுவும் போகாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டு பூஜ்ஜியங்கள் இதுதான். நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையை அந்த புராசஸ் எண்ணோடு ஓட்டினால், ரீட் அழைப்புகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். மொத்த முன்னேற்றம் பார்க்க, இன்ஃபோ விருப்பத்துக்கு புரோகிரஸ்2 என்று கொடுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: டைம்அவுட் விருப்பத்தைக் கொடுங்கள். ஆர்சிங்க்கில் இயல்பாக அது பூஜ்ஜியம், அதாவது காலவரம்பே இல்லை. நின்றதைத் தொடர, முதலிலிருந்தே பார்ஷியல் விருப்பத்தோடு ஓட்டுங்கள். பாதி வந்த கோப்பு அழியாமல் இருக்கும், அடுத்த ஓட்டத்தில் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரே பெரிய கோப்பு, மூலத்தில் மாறவே மாறாது என்று நிச்சயம் என்றால் அப்பெண்ட்-வெரிஃபை இன்னும் பொருத்தம். எஸ்சிபி-க்கு இந்தத் திறமை கிடையாது. அதனால் ஒரு ஜிபிக்கு மேல் எதுவானாலும் ஆர்சிங்க்கைத்தான் சொல்வேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தா "புரோக்கன் பைப்"னு அறுந்துடுது.

வழியிலுள்ள ஏதோ ஒரு நாட் கருவி (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் இணைப்பது) உங்கள் இணைப்பை மறந்துவிட்டது. வீட்டு ரவுட்டரும், பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியில் அடக்கும் இணையச் சேவையின் சிஜிநாட்டும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். சற்று நேரம் எதுவும் போகாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 5382. பல கருவிகள் சில நிமிடங்களிலேயே மறந்துவிடும். முந்தைய பதிலில் சொன்னதுபோல் ஆர்சிங்க் மௌனமாகக் கணக்குப் போடும் நேரம்தான் இதற்குச் சரியான பொறி. கணக்கு முடிந்து அனுப்ப வரும்போது பாதை இருக்காது.

எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் சர்வர்அலைவ்இன்டர்வல் மதிப்பை 60 என்று வையுங்கள். இயல்பாக அது பூஜ்ஜியம். நிமிடத்துக்கு ஒரு சின்னச் செய்தி போய்க்கொண்டிருக்கும், நாட் மறக்காது. கூடவே ஒரு நன்மை: மூன்று செய்திக்குப் பதில் வராவிட்டால் எஸ்எஸ்எச் தானே கைவிட்டுவிடும். முதல் பதிலில் சொன்ன இரண்டு மணி நேரக் காத்திருப்பு மூன்று நிமிடமாகச் சுருங்கும். ஏற்கெனவே உறைந்துபோன எஸ்எஸ்எச் டெர்மினலை மூட: என்டர், டில்டா, புள்ளி, இந்த வரிசையில் தட்டுங்கள்.

நூறு சதவீதம்னு காட்டிட்டு அங்கேயே நிக்குது.

பென்டிரைவிலோ மெதுவான டிஸ்க்கிலோ இறக்கியிருப்பீர்கள். லினக்ஸ் வந்த தரவை முதலில் ராமில் வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக டிஸ்க்கில் எழுதும். 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஜிபி கணக்கில் எழுத வேண்டியது சேர்ந்துவிடும். பிராக் கீழுள்ள மெம்இன்ஃபோவில் "டர்ட்டி" எண் இறங்கிக்கொண்டே வந்தால் எழுதிக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள். சிங்க் கட்டளை முடிந்து திரும்பும் வரை பென்டிரைவைப் பிடுங்க வேண்டாம்.

4 ஜிபி-ல வந்து நின்னா?

பென்டிரைவ் ஃபேட்32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள்.

என்எஃப்எஸ் ஃபோல்டருக்கு காப்பி பண்ணும்போது நின்னுச்சு. கில் மைனஸ் ஒன்பது கொடுத்தும் சாகலை. டிஎஃப் கொடுத்தா அதுவும் நிக்குது.

என்எஃப்எஸ் (வேறு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக நம் கணினியில் இணைக்கும், அதாவது மவுன்ட் செய்யும் முறை) இயல்பாக "ஹார்டு" முறையில் மவுன்ட் ஆகும். சர்வர் திரும்பி வரும்வரை எத்தனை நேரமானாலும் முயன்றுகொண்டே இருக்கும். பிஎஸ் பட்டியலில் அந்த புராசஸ் "டி" நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பு) இருக்கும், டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) சர்வர் பதில் தரவில்லை என்ற வரி இருக்கும். டிஎஃப் (டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) எல்லா மவுன்ட்டையும் தொட்டுப் பார்ப்பதால் அதுவும் மாட்டுகிறது. 2.6.25-க்குப் பிறகு வந்த கெர்னல்களில் கில் மைனஸ் ஒன்பது பல நேரம் வேலை செய்யும், எல்லா நேரமும் அல்ல.

சர்வரையோ வழியையோ சரிசெய்தால் காப்பி தானாகத் தொடரும், தரவும் கெடாது. சர்வர் இனி வரவே வராது என்றால் அன்மவுன்ட்டில் மைனஸ் எஃப், அதுவும் முடியாவிட்டால் மைனஸ் எல். "சாஃப்ட்" முறைக்கு மாற்றச் சொல்லும் யோசனையைப் பலர் தருவார்கள். எழுதும் ஃபோல்டருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலவரம்பு தாண்டினால் நிரலுக்குப் பிழை மட்டும் போகும். அதைச் சரியாகக் கவனிக்காத நிரல் அரைகுறைக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பிவிடும்.

ஒரே ஒரு ஃபைல், எத்தனை தடவை அனுப்பினாலும் அதே இடத்துல நிக்குது. ஃபயர்வால் அந்த ஃபைலைப் பிடிக்குதா?

எஸ்எஸ்எச் வழியாக அனுப்பினால் வாய்ப்பில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் புதிய சாவி கொண்டு மறையாக்கம் ஆவதால், அதே கோப்பு ஒவ்வொரு முறையும் வேறு பைட்டுகளாகத்தான் போகும். வழியிலுள்ள எந்தக் கருவிக்கும் அது அதே கோப்பு என்று தெரியாது. ஆகவே டிஸ்க்கைப் பாருங்கள். கேட் கட்டளையால் அந்தக் கோப்பைப் படித்து டெவ்-நல்லுக்கு (எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும் போலிக் கோப்பு) அனுப்புங்கள். நெட்வொர்க்கே இல்லாத இந்தச் சோதனையிலும் அதே இடத்தில் நின்று, டிமெசேஜில் ஐ/ஓ எர்ரர் வந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. பரிமாற்றத்தை மறந்துவிட்டு, மற்ற கோப்புகளை உடனே வேறிடத்துக்கு எடுங்கள்.

எஃப்டிபி, எச்டிடிபி போன்ற மறையாக்கம் இல்லாத வழியில் மட்டும் நின்று, அதே கோப்பை ஜிஜிப் செய்து அனுப்பினால் போகிறது என்றால், அப்போது உள்ளடக்கத்தைப் பார்த்து அறுக்கும் கருவி வழியில் இருக்கிறது. எஸ்எஃப்டிபி-க்கு மாறிவிடுங்கள்.

எல்லாம் பாத்தாச்சு. எதுலயும் பிடிபடலை. அடுத்து?

டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் பிரியுங்கள். இரண்டு முனையிலும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் கோப்பே இல்லாமல் வெறும் நெட்வொர்க் ஓடும். பெரிய ஆர் விருப்பம் கொடுத்து எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் நிற்பது அடிக்கடி நடக்கும். ஐபெர்ஃப் நன்றாக ஓடினால் நெட்வொர்க்கை விட்டுவிட்டு டிஸ்க்குக்கும் நிரலுக்கும் திரும்புங்கள். ஐபெர்ஃபும் நின்றால், எத்டூலின் பெரிய கே விருப்பத்தால் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் அணைத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட்டைப் பிரிக்கும் வேலையை டிஎஸ்ஓ கார்டிடம் விடும், ஜிஎஸ்ஓ அதைக் கெர்னலிலேயே கடைசிக் கட்டத்தில் செய்யும், ஜிஆர்ஓ வரும் பாக்கெட்டுகளைச் சேர்க்கும். டிரைவரில் பிழை இருந்தால் கனமான ஓட்டத்தில் மட்டும் வெளிப்படும். அணைத்ததும் சரியானால் கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி இயக்கிச் சோதியுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், போகும் வரும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப். ஒரு முனையில் மட்டும் பிடித்தால் போதாது, இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். பெரிய பாக்கெட் லேப்டாப்பை விட்டுப் புறப்பட்டு சர்வர் பதிவில் இல்லை என்றால் வழியில் தொலைந்தது. சர்வரில் வந்து, அதற்கான பதிலும் புறப்பட்டு, லேப்டாப்பில் வந்து சேரவில்லை என்றால் திரும்பும் வழியில் தொலைந்தது. யாரிடமாவது உதவி கேட்கும்போது அந்த இரண்டு பதிவுகளோடு, எஸ்எஸ் காட்டிய வரி, பிங் போன மிகப் பெரிய அளவு, கெர்னல் பதிப்பு, வைஃபையா கேபிளா, விபிஎன் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். பதிவை வெளியே தருவதற்கு முன் உங்கள் பொது ஐபி முகவரியையும் சர்வர் பெயரையும் மறைத்துவிடுங்கள்.